பொழுதிலும் சிக்கனம் வேண்டும்

சிக்கனம் என்னும் சொல் நமது சங்கங்களுக்குப் புதியதன்று. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த நாள்தொட்டு, வரவறிந்து செலவிடுதல், வீண் செலவை விலக்குதல், எஞ்சியதைச் சேமித்தல் ஆகிய மூன்றையும் நமது இயக்கம் இடைவிடாது வற்புறுத்தி வந்துள்ளது. இன்று பணத்தைப் போலவே, சில வேளைகளில் பணத்தினும் மேலாக, நம் இல்லங்களிலிருந்து ஓசையின்றி வெளியேறுகின்ற செல்வம் ஒன்று உண்டு. அதுவே பொழுது. அது வெளியேறும் வாசல் கைப்பேசியின் திரை. பொழுது மட்டும் போனால் ஓரளவு பொறுத்துக் கொள்ளலாம். அதனோடு உறக்கமும் மன அமைதியும் வீட்டாரோடு உரையாடும் இன்பமும் உடன் செல்லுகின்றன. ஆகவே இம்மாதம் இதனைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

கைப்பேசியைப் பழிப்பது நமது நோக்கமன்று. அங்கத்தினர் பெற்ற அனுகூலங்களை மறைத்துப் பேசுவது நியாயமும் ஆகாது. மழை வருமா, வராதா என்பதை வயலிலிருந்தே அறிந்து கொள்ளுகின்றோம். தமிழக அரசு 2018-இல் தொடங்கிய உழவன் செயலி போன்றவற்றால் சந்தை விலையும் மானிய விவரமும் வீடு தேடி வருகின்றன. நெசவாளர் தாம் நெய்த சேலையின் படத்தை நொடிப்பொழுதில் தொலைவிலுள்ள வாடிக்கையாளருக்குக் காட்ட முடிகின்றது. கடல் கடந்து சென்ற மகனின் முகத்தை முதிய தாய் நாள்தோறும் காண்கின்றாள். வீட்டில் தனித்திருந்து தார் சுற்றும் பெண்ணுக்கு அது பாட்டும் துணையுமாக இருக்கின்றது. இவற்றை எல்லாம் விட்டுவிடுமாறு சொல்பவர் எவராயினும் அவர் சொல் அம்பலம் ஏறாது.

நாம் கேட்பது வேறு. நீர் இன்றிப் பயிர் இல்லை. ஆயினும் இரவெல்லாம் மடையைத் திறந்து வைத்துவிட்டு எந்த உழவரும் உறங்கச் செல்வதில்லை. எப்போது திறப்பது, எவ்வளவு பாய்ச்சுவது, எப்போது அடைப்பது என்பதில் அன்றோ பாசனத்தின் அறிவு அடங்கியிருக்கின்றது! கைப்பேசி என்னும் மடையைத் திறக்க நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். அதனை அடைக்கக் கற்றுக்கொண்டோமா என்பதே கேள்வி.

அடைப்பது எளிதன்று என்பதற்குக் காரணம் நம் மனத்தின் பலவீனம் மட்டுமன்று. திரையின் அமைப்பே அவ்வாறு வகுக்கப்பட்டிருக்கின்றது. இதனை அங்கத்தினர்கள் சற்று நுணுகி அறிதல் வேண்டும். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்தால் அறுத்து எடுக்கின்றோம். அத்துடன் ஒரு வேலை தீர்ந்தது. எழுந்து முதுகை நிமிர்த்துகின்றோம். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாடகத்திற்கு மங்களம் உண்டு. ஆனால் கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ளப் படமும் செய்தியும் வந்துகொண்டே இருக்கின்றன. முடிவு என்பதே இல்லை. இந்த முடிவில்லாப் பக்க அமைப்பை 2006-ஆம் ஆண்டில் வகுத்தவர் அமெரிக்கரான ஏசா ரஸ்கின். மக்கள் எழுந்து செல்ல வேண்டிய இடத்தைத் தமது அமைப்பு அழித்துவிட்டது கண்டு பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக வருந்தினார்.

இரண்டாவது காரணமும் உண்டு. எப்போது நல்லது வரும் என்று தெரியாத இடத்தில்தான் மனம் மிகுதியாகக் கட்டுண்டு கிடக்கும். பி. எப். ஸ்கின்னர் என்னும் மனோவியல் அறிஞர் புறாக்களை வைத்து இதனை ஆராய்ந்தார். ஒழுங்காகத் தீனி கிடைக்கும் புறாவை விட, எப்போது தீனி விழும் என்று அறியாத புறா ஓயாது கொத்திக் கொண்டிருந்தது. திரையிலும் பத்துப் படம் சாரமற்றுப் போகும். பதினொன்றாவது நம்மைச் சிரிக்க வைக்கும். அந்தப் பதினொன்றாவதற்காகவே விரல் ஓயாமல் நகருகின்றது.

இதனால் இலாபம் எவருக்கு? ரீல்ஸ், யூடியூப் போன்றவை நமக்கு இலவசமாகக் கிடைப்பதாக எண்ணுகின்றோம். இவற்றை நடத்தும் நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கின்றோமோ அவ்வளவுக்கு விளம்பரம் விற்கும். எனவே இச்சந்தையில் விற்கப்படும் சரக்கு நமது கவனமே. தாம் விளைவித்த சரக்கை எடையும் விலையும் பாராமல் அள்ளிக் கொடுக்கும் குடியானவர் உண்டோ? கவனத்தை மட்டும் ஏன் அவ்வாறு கொடுத்தல் வேண்டும்?

இனி, திரையால் மனநலம் கெடுகின்றதா என்பதைப் பார்ப்போம். இவ்விஷயத்தில் அச்சமூட்டும் பேச்சுக்கள் மிகுதி. நாம் அவற்றோடு சேர்ந்து முழங்க விரும்பவில்லை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மூன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட இளைஞர்களின் விவரங்களைப் பரிசீலித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள், திரை உபயோகத்திற்கும் மனநலக் குறைவுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியதே என்று கண்டனர். இதனைக் கொண்டு கவலையே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் தவறு. பாடம் படிக்கும் 1 மணியையும், நள்ளிரவில் வெறுமனே விரல் தள்ளும் 1 மணியையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டால் உண்மை தெளியாது. பார்க்கப்பட்ட மணி எத்தனை என்பதை விட, அந்த மணி எதனிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதே முக்கியம். உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதா? உழைப்பிலிருந்தா? குழந்தையோடு பேச வேண்டிய நேரத்திலிருந்தா? இம்மூன்றில் எது குறைந்தாலும் மனம் சோர்வடையும் என்பதை அறிய நமக்கு ஆராய்ச்சிக் கூடம் வேண்டியதில்லை.

உறக்கத்தைப் பற்றி ஒரு செய்தி கூறத்தக்கது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 12 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. படுக்கு முன் சில மணி நேரம் ஒளிவிடும் திரையில் நூல் படித்த இரவுகளில், அச்சிட்ட நூலைப் படித்த இரவுகளை விட, அவர்களுக்கு உறக்கம் வரத் தாமதமாயிற்று. உறக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் என்னும் சுரப்பு குறைந்தது. மறுநாட் காலையில் மந்தமும் மிகுந்தது. அவர்கள் படித்தது அமைதியான நூல். நாமோ சண்டையும் வதந்தியும் அயலார் நகையும் நிறைந்த காட்சிகளை அல்லவா தலையணை அருகில் வைத்துப் பார்க்கின்றோம்!

நமது இரு தொழில்களுக்கும் இதில் தனிப்பட்ட இழப்பு உண்டு. கைத்தறி கண்ணும் காலும் கையும் மனமும் ஒன்றுபட்டு நடக்க வேண்டிய தொழில். செய்தி வந்த ஒலி கேட்டுக் கண் விலகிய அரை நிமிடத்தில் இழை அறுந்தது தெரியாமல் நாடா ஓடிவிடுமானால், அந்தக் குறை சேலையில் நிற்கும். தரம் பார்க்கும்போது கூலியில் பிடித்தம் விழும். அறுந்த இழையை முடிந்துவிடலாம். கலைந்த மனம் மீண்டும் வேலையில் அமர அதனினும் நேரமாகும். விலைப்பட்டியலைக் கண்டு கவலையுறுதல் குடியானவரின் நோய். மஞ்சள் ஏலம் பகலில் நடைபெறுகின்றது. இரவு 11 மணிக்கு விலையை இருபது முறை பார்ப்பதால் குவிண்டாலுக்கு 1 ரூபாயும் கூடப் போவதில்லை. கூடுவது ஏக்கம் மட்டுமே. பயிர்க்கடன் தள்ளுபடி என்றும், காப்பீடு நின்றுவிட்டது என்றும் மூலம் தெரியாத செய்திகள் நள்ளிரவில் ஒரு தெருவையே விழிக்கச் செய்கின்றன. காலையில் சங்கத்திற்கு வந்து விசாரித்தால் அவற்றிற்கு ஆதாரமே இருப்பதில்லை.

இதற்குப் பரிகாரம் என்ன? அவரவர் மனக்கட்டுப்பாடே பரிகாரம் என்பர் சிலர். மனக்கட்டுப்பாடு நன்றே. ஆயினும் ஒருபுறம் தனி ஒருவர். மறுபுறம் அவரை விடாது இருத்துவதற்கென்றே ஊதியம் பெற்று உழைக்கும் பல்லாயிரம் வல்லுநர். இது சமமான போட்டியன்று. தனி மனிதர் தனித்து நின்று வெல்ல இயலாத இடத்தில் ஒன்றுகூடி நிற்பதற்கென்றே கூட்டுறவு தோன்றிற்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஒன்றுசேர்ந்து கடை திறந்தனர். கலப்படமற்ற மாவைத் தனி ஒருவர் கேட்டால் கிடைக்கவில்லை. கூடிக் கேட்டபோது, தாமே கொள்முதல் செய்தபோது கிடைத்தது. கந்துவட்டிக்கு எதிராக நம் நாட்டில் கடன் சங்கங்கள் எழுந்ததும் இந்நெறியாலேயே. பொழுதைக் காப்பதற்கும் இதுவே நெறி என்பது நமது அபிப்பிராயம்.

இது வெறும் கற்பனையன்று. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த மோகித்யாஞ்சே வட்காவ் என்னும் சிற்றூரில் சுமார் 3,000 மக்கள் வாழ்கின்றனர். பெரும்பாலோர் குடியானவரும் சர்க்கரை ஆலைத் தொழிலாளரும் ஆவர். கொரோனாக் காலத்தில் பாடத்திற்காகக் கையில் கொடுத்த கைப்பேசியைப் பிள்ளைகள் பின்னர் கீழே வைக்க மறுத்தனர். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்வூரார் கூடி ஒரு முடிவு செய்தனர். மாலை 7 மணிக்குச் சங்கு ஒலிக்கும், உடனே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நிறுத்த வேண்டும், 8.30 மணிக்கு மீண்டும் சங்கு ஒலிக்கும் வரை பிள்ளைகள் படிப்பதும் பெரியோர் பேசியிருப்பதும் என்பதே அம்முடிவு. ஆண்கள் முதலில் இதனை எள்ளியதாகவும், பெண்கள் கூடி உறுதியாக நின்றதனால் காரியம் கைகூடியதாகவும் அக்காலத்துச் செய்திகள் கூறின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தன் வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் கைப்பேசியை வாங்கி வைத்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை பார்க்கின்றானே என்று அவன் அழுவான். ஊர் முழுவதும் ஒரே வேளையில் வைத்தால் அந்த வழக்குக்கே இடமில்லை. ஊர் கூடி இழுத்தால் அன்றோ தேர் நகரும்! ஜப்பானில் டோயோவாகே நகராட்சியும் 2025 அக்டோபர் முதல், வேலைக்கும் படிப்பிற்கும் புறம்பான கைப்பேசி உபயோகம் நாளொன்றுக்கு 2 மணிக்குள் இருப்பது நலம் என்று ஒரு விதி செய்தது. அதற்குத் தண்டனையோ அபராதமோ இல்லை. குடும்பங்கள் தமக்குள் பேசித் தீர்மானிக்க அது ஒரு தூண்டுகோல் என்பதே நகராட்சியின் கருத்து.

நாமும் தண்டனையை வேண்டவில்லை. ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது சங்கத்தின் பண்பாகாது. கீழ்க்காணும் சில ஏற்பாடுகளை அங்கத்தினர்கள் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்ளுகின்றோம்.

முதலாவது, வீட்டு ஏற்பாடு. கைப்பேசிகளுக்கென்று கூடத்தில் ஓர் இடம் குறித்து, மின்னேற்றும் கம்பியையும் அவ்விடத்திலேயே வைத்தல் வேண்டும். இராச் சாப்பாட்டின்போதும் படுக்கும்போதும் எல்லோருடைய கருவியும் அங்கேயே இருத்தல் வேண்டும். விடியலில் எழுவதற்குக் கைப்பேசி வேண்டும் என்போர் ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொள்ளலாம். இவ்விதியைத் தந்தையும் தாயும் முதலில் கைக்கொண்டால்தான் பிள்ளைகள் கைக்கொள்ளுவர். பெரியவர் கையில் திரை ஒளிவிடும்போது சிறியவருக்குச் சொல்லும் புத்தி செவியில் ஏறாது.

இரண்டாவது, குழந்தைகள். 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணிக்கு மேற்படலாகாது, குறைந்தால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நெறி வகுத்தது. சோறூட்டக் கைப்பேசியைக் காட்டும் வழக்கம் பல இல்லங்களில் வேரூன்றிவிட்டது. தறிமேல் அமர்ந்த தாய்க்கு அதனால் சிறிது ஓய்வு கிடைக்கின்றது என்பது மெய்யே. அவளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவ்வேளையில் குழந்தையை வாங்கிக் கொள்ள வீட்டில் உள்ள ஆடவர் முன்வருவதே தக்க உதவி.

மூன்றாவது, வேலை நேரம். அழைப்புகளுக்கும் வங்கிச் செய்திக்கும் மட்டும் ஒலி வைத்துக்கொண்டு ஏனைய அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிடலாம். கைப்பேசியிலேயே அதற்கு வசதி உண்டு. ஒவ்வொரு செயலியிலும் எவ்வளவு நேரம் சென்றது என்ற கணக்கும் அதிலேயே கிடைக்கும். வாரம் ஒருமுறை அக்கணக்கைப் பார்ப்பது, பற்று வரவுப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். விலை விவரத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்த்தால் போதும். திரையை நெடுநேரம் பார்த்தே தீர வேண்டியவர்கள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 வினாடி நோக்கினால் கண்ணின் களைப்புக் குறையும். வடிவமைப்பைக் கணிப்பொறியில் வரையும் இளைஞர்களுக்கு இது மிகவும் பயன்படும்.

நான்காவது, சங்கத்தின் கடமை. சங்கமே இரவு 10 மணிக்குச் சுற்றறிக்கை அனுப்புமானால், அங்கத்தினரைக் கைப்பேசியை வைத்துவிடுமாறு சொல்ல அதற்குத் தகுதி ஏது? காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே சங்கச் செய்திகள் அனுப்பப்படும் என்று நிர்வாகக் குழு தீர்மானம் செய்யலாம். வெள்ளம், புயல் போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் காரியதரிசியும் பொறுப்பாளரும் மட்டுமே செய்தி இடுமாறு அமைத்துவிட்டால் வதந்திக்கும் வாக்குவாதத்திற்கும் வழி அடைபடும். அங்கத்தினர் குறைகளைச் சொல்ல அலுவலகமும் பொதுக்குழுவும் இருக்கின்றன. பொதுக்குழு கூடும்போது கைப்பேசிகளை ஒலியடக்கிப் பையில் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் வழக்கத்தையும் மீட்டல் வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்காத சபையில் ஜனநாயகம் பெயரளவில்தான் இருக்கும்.

இவை எல்லாம் விலக்கும் வழிகள். விலக்கியதற்கு ஈடாக ஒன்று கொடாவிட்டால் விலக்கு நிலைக்காது. மாலையில் இளைஞர் எங்கே போவர்? சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைப் படிப்பகமாகத் திறந்து வைக்கலாம். வலைப் பந்துக்கு ஒரு திடல், முதியோர் கூடிப் பேச ஒரு திண்ணை, பெண்களுக்கென வாரம் ஒரு மாலை ஆகியன பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. பொது நலநிதி உள்ள சங்கங்கள் இதற்குச் சிறு தொகை ஒதுக்கினால் அது வீண் போகாது. தனிமையே பலரைத் திரையிடம் அனுப்புகின்றது. தனிமையைத் தீர்ப்பதில் சங்கத்தை விடத் தக்க மருத்துவர் யார்?

எனினும் எல்லாம் வீட்டு விதியாலும் படிப்பகத்தாலும் தீர்ந்துவிடும் என்று நாம் கருதவில்லை. உண்ணாமலும் உறங்காமலும் திரையிலேயே கிடப்பவர்கள், கைப்பேசியை வாங்கினால் அடக்க முடியாத சினம் கொள்பவர்கள், நெடுநாளாக மனம் வாடியிருப்பவர்கள் ஆகியோருக்குத் தக்க உதவி வேண்டும். பல வேளைகளில் திரை நோயன்று. உள்ளே இருக்கும் துயரத்தின் அறிகுறி. கடனோ குடும்பச் சச்சரவோ பரீட்சைப் பயமோ அடியில் இருக்கலாம். ஏசுவதும் அடிப்பதும் அதனைத் தீர்க்கா. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இத்தகைய தொல்லைகளுக்கென்றே 2014-இல் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது என்பதிலிருந்தே, இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய காரியமன்று என்பது விளங்கும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்பவர் மனத்தின் களைப்புக்கும் செல்லலாம்.

வீட்டுக்குள் நடப்பதில் சங்கம் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பர். கேள்வி நியாயமானதே. சங்கம் எவர் வீட்டிலும் நுழைய வேண்டாம். ஆனால் சங்கத்தின் மூலதனம் பங்குப் பணம் மட்டுமன்று. அங்கத்தினரின் தெளிந்த மனமும் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையும் அதன் மூலதனமே. அது குறைந்தால் எந்த ஐந்தொகையிலும் காட்ட இயலாது. விளைவு மட்டும் எல்லாக் கணக்கிலும் தெரியும்.

ஆகவே, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை ஒரு விவாதப் பொருளாகச் சேர்க்குமாறு எல்லாச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களையும் வேண்டுகின்றோம். பெண் அங்கத்தினர்களின் கருத்தை முதலில் கேட்டல் நலம். பெரிய திட்டம் வேண்டுவதில்லை. இராச் சாப்பாட்டு வேளையில் 1 மணி நேரம், ஒரு தெருவின் எல்லா இல்லங்களிலும், 3 மாதம் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துப் பார்ப்போம். 3 மாதம் கழித்து எது குறைந்தது, எது கூடிற்று என்று கூடிப் பேசுவோம். பயன் கண்டால் நீட்டிப்போம், காணாவிடில் மாற்றுவோம். அனுபவத்தில் கண்டதை அங்கத்தினர்கள் நமக்கு எழுதியனுப்பினால் பிற சங்கங்களும் பயன்பெறும் வண்ணம் இவ்விதழில் மகிழ்வுடன் வெளியிடுவோம்.